காட்டுக்குள் ஐந்து நாள்

பாதையே இல்லாத ஓட்டப் பந்தயத்துக்கு ஆயிரக்கணக்கான அமெச்சூர்கள் ஸ்வீடனில் கூடுகிறார்கள். இந்தியாவில் இது வேர்விடாததற்குக் காரணம் கால்களில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில் தினமும் காலையில் பத்து கிலோமீட்டர் ஓடிப் பழகியவருக்கும் இந்தப் பந்தயம் சட்டென்று பிடிபடாது. ஓடுவதற்குப் பாதை கிடையாது. வழியில் நின்று கை தட்ட ஆள் கிடையாது. முன்னால் போகிறவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடலாம் என்றால், அவர் வேறு வயதுப் பிரிவுக்காரராக இருப்பார். அவர் தேடிப் போகும் கொடியே வேறு. கையில் இருப்பது ஒரு வரைபடமும் திசைகாட்டியும்தான். முக்கோணம் போட்ட இடத்தில் தொடங்கி, எண்ணிட்ட வட்டங்களை வரிசை மாறாமல் தொட்டு, இரட்டை வட்டத்தில் முடிக்க வேண்டும். நடுவே எப்படிப் போவது என்பது அவரவர் பாடு.

ஓரியன்டீரிங் எனப்படும் இந்த விளையாட்டு ஸ்காண்டிநேவிய ராணுவப் பயிற்சியிலிருந்து வந்தது. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897-ல் நார்வேயில், இன்றைய ஆஸ்லோ நகருக்கு அருகே நடந்தது. இன்று இதன் பெரிய திருவிழா ஸ்வீடனின் ஓ-ரிங்கன். 1965-ல் 156 பேருடன் தொடங்கிய இந்தப் போட்டிக்கு, 1985-ல் ஃபாலுன் நகரில் நடந்தபோது 25,000 பேருக்கு மேல் வந்தார்கள். கோடையில், ஆண்டுக்கு ஓர் ஊரில் நடக்கும். ஐந்து நாள் ஓட்டம், நடுவில் ஒரு நாள் ஓய்வு. சாதாரண வயதுப் பிரிவுகளுக்குத் தகுதிச் சுற்று எதுவும் இல்லை. கட்டணம் கட்டினால் போதும். பத்து வயதுச் சிறுமியும் எண்பதைத் தாண்டிய தாத்தாவும் உலக சாம்பியன்களோடு ஒரே காட்டில், வெவ்வேறு தடங்களில் ஓடுவார்கள். கிரிக்கெட்டில் டெஸ்ட் ஆட்டம் நடக்கும் மைதானத்தின் ஓரத்தில் தெருப் பையன்களை ஆடவிடுவது போன்ற காரியம் இது.

வரைபடம் புறப்படும் நொடியில்தான் கைக்கு வரும். புதியவர் முதலில் குழம்புவது நிறத்தில். இதில் வெள்ளை என்றால் வெட்டவெளி அல்ல, தடையின்றி ஓடக்கூடிய காடு. வெட்டவெளிக்கு மஞ்சள். பச்சை கருமையாக ஆக ஆகப் புதர் அடர்த்தி என்று அர்த்தம். பழுப்புக் கோடுகள் பெரும்பாலும் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக மேடுபள்ளத்தைச் சொல்லும். தேடவேண்டிய கொடி 30 செ.மீ. சதுரம், ஆரஞ்சும் வெள்ளையும். விரலில் மாட்டிய மின்னணுச் சில்லை அங்குள்ள பெட்டியில் செருகினால் நேரம் பதிவாகும். ஒரே ஒரு கொடி விட்டுப்போனாலும், எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும், அன்றைய ஓட்டம் செல்லாது.

அனுபவசாலிகள் நேராகக் கொடியைக் குறிவைப்பதில்லை. முதலில் ஏரிக்கரை, பாதை முடக்கு என்று தவறவே விடமுடியாத பெரிய அடையாளம் ஒன்றைப் பிடித்து அதுவரை விரைகிறார்கள். அங்கிருந்து வேகத்தைக் குறைத்து, காலடிகளை எண்ணிக்கொண்டு போகிறார்கள். கொடி ஓர் ஓடைக்கரையில் இருந்தால் வேண்டுமென்றே சற்று இடப்பக்கமாக ஓடுவது இன்னொரு தந்திரம். ஓடையைத் தொட்டதும் வலது பக்கம் திரும்பவேண்டும் என்பது நிச்சயமாகத் தெரியும். நேராக ஓடி, கொடி இல்லாமல் நின்றால் எந்தப் பக்கம் திரும்புவது?

இங்கேதான் அமெச்சூரின் சோதனை. மூச்சு வாங்கும்போது மூளை, பார்க்க விரும்புவதைப் பார்க்கிறது. வரைபடத்தில் உள்ள குன்றுக்குப் பதிலாகப் பக்கத்துக் குன்றில் ஏறிவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாகச் சாதிக்கிறது. இந்த ஒரு தவறுக்குப் பத்து நிமிடம் போய்விடும். ஐந்து நாள் நேரமும் சேர்த்துக் கூட்டப்படுவதால், திங்கட்கிழமை தொலைத்த பத்து நிமிடம் வெள்ளிக்கிழமை வரை கூடவே வரும். அதை ஈடுகட்ட இரண்டாம் நாள் வேகமாக ஓடுகிறவர் இன்னும் பத்து நிமிடம் தொலைப்பார். உடல் மூன்றாம் நாளுக்குள் காட்டுக்குப் பழகிவிடும்; களைத்துப்போவது கவனம். வேகத்தைக் குறைத்தால் நேரம் மிச்சமாகும் என்பதை நம்ப, தார்ச் சாலையில் ஓடியவருக்குச் சில நாள் ஆகிறது.

ஓடும் கால்களுக்கு இங்கே பஞ்சமில்லை. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரன் இடுக்கிக்காரர். 2017 ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டரில் முதலிடம் பிடித்த பி.யு. சித்ரா, பாலக்காடு மாவட்டம் முண்டூரைச் சேர்ந்தவர். பஞ்சம் வரைபடத்துக்குத்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவை முக்கோணங்களாக அளக்கும் மாபெரும் வேலையை 1802 ஏப்ரலில் லாம்டன் தொடங்கியதே சென்னை பரங்கிமலையில்தான். ஆனால் அந்த மரபில் வந்த சர்வே ஆஃப் இந்தியாவின் விவரமான தாள்கள், எல்லைகளையும் கடற்கரையையும் ஒட்டிய சுமார் 80 கி.மீ. பட்டைக்குள் வந்தால், நீண்ட காலம் சாதாரணக் குடிமகனுக்கு எட்டாக்கனி. கிடைத்த தாளும் 1:50,000 அளவு. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். ஓட்டக்காரருக்கு வேண்டியது 1:15,000 அல்லது 1:10,000.

2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. உண்மையான கதவு திறந்தது 2021 பிப்ரவரி 15-ல்: இந்தியர்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடம் தயாரிக்கலாம், வெளியிடலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. இருநூறு ஆண்டுகள் அளக்கப்பட்ட நாட்டில், தன் ஊரைத் தானே அளந்து வெளியிடும் சுதந்திரம் சாமானியனுக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கேரள எல்லையில், தமிழ் பேசும் எருத்தேன்பதியை எடுத்துக்கொள்ளலாம். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரம். தென்னந்தோப்பும் வயலும் கிணறுமான சமவெளி. அரசாங்க வரைபடத்தில் இங்கே முதலில் கண்ணில் படுவது மாநில எல்லைக்கோடு. ஓரியன்டீரிங் வரைபடத்தில் அந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை. தாண்டமுடியாத வேலி, வாய்க்கால், வரப்பு, கிணறு, ஆளுயரப் புற்று ஆகியவைதான் அதற்கு முக்கியம். அவற்றைச் செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கால்நடையாகப் போய்ச் சரிபார்க்கவேண்டும். வரைவதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

ஸ்வீடனில் யாருடைய காட்டிலும் எவரும் நடக்கலாம். அந்த உரிமை 1994 முதல் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே மேற்கு மலைக் காடுகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், யானைகளின் சம்மதமும் வேண்டும். சமவெளியில் தோப்புக்காரரிடம் கேட்கவேண்டும். கொடியைத் தேடி நூறு பேர் தன் தோப்புக்குள் ஓடி வருவார்கள் என்பதை முதலில் அவருக்கு விளக்கியாகவேண்டும்.