பொதிக்குள் பொதி

நம் கல்லூரியிற் பயின்று, இன்று தரவு நிலையமொன்றிற் பணிபுரியும் மாணவரொருவர் சென்ற விடுமுறையில் என் இல்லம் வந்திருந்தார். அவர்தம் நிலையத்தில் இரண்டு நாள் நீடித்த இடரொன்றைப் பற்றிப் பேச்செழுந்தது. புதிய மேலடுக்கு வலையமைப்பொன்றை நிறுவினர். கணனிகள் ஒன்றையொன்று அறிந்தன. சிறு செய்திகள் தடையின்றிச் சென்றன. பெரிய கோப்பொன்றை அனுப்பத் தொடங்கியதும் யாவும் அசைவற்று நின்றன. பிழை என்ற அறிவிப்புத்தானும் இல்லை. “சேர், கதவு திறந்துதான் இருக்கிறது, ஆட்கள் போகிறார்கள், மேசை மட்டும் போகவில்லை” என்றார். அவ்வுவமையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

மேலடுக்கு வலையமைப்பாவது யாது? தரவு நிலையத்துள் பல நிறுவனங்களின் மெய்நிகர்க் கணனிகள் ஒரே கம்பிகளையும் ஒரே சுவிச்சுகளையும் பகிர்ந்து வாழ்கின்றன. அவற்றை வேறுபிரிக்க முன்னர் வழங்கிய வீலான் முறையில் 12 பிற்று எண்ணே உண்டாதலின் 4,094 பிரிவுகளுக்கு மேல் இடமில்லை. 2014 ஆம் ஆண்டு ஆர். எவ். சி. 7348 என்னும் ஆவணமாக வெளிவந்த வீஎக்ஸ்லான் முறையோ 24 பிற்று எண் கொண்டது. 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரிவுகளுக்கு இடமளிப்பது. இம்முறையில் ஒரு கணனி அனுப்பும் பொதி முழுவதும் மற்றொரு பொதியினுள் வைத்து அனுப்பப்படும். தரவுத் துண்டைப் ‘பொதி’ என்று நம்மவர் வழங்கியது எத்துணைப் பொருத்தம்! பொதிவதும் பொதியப்படுவதும் ஆகிய ஈரியல்பும் அச்சொல்லில் அடங்கியுள.

இனி, மேசை செல்லாமைக்குக் காரணம் கூறுவாம். ஈதர்நெற் வழியிற் செல்லும் பொதியின் வழக்கமான பேரெல்லை 1,500 பைற்று. உள்ளிருக்கும் ஈதர்நெற் தலைப்பு 14, வீஎக்ஸ்லான் தலைப்பு 8, யூடிபி 8, புறத்து ஐபி 20 ஆக 50 பைற்று கூடுகின்றது. 1,500 பைற்றுப் பொதி 1,550 ஆகி வாயிலில் முட்டுகின்றது. முட்டிய பொதியைப் பல சுவிச்சுகள் வாய்பேசாது எறிந்துவிடும். ‘பெரிது’ என்ற செய்தி ஒருகால் எழுந்தாலும் அது புறவுறையில் எழுதிய முகவரிக்கே செல்லுமன்றி, உள்ளே எழுதிய கணனிக்குச் செல்லாது. அக்கணனி ஏதுமறியாது அதனையே மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கும்.

பரிகாரம் எளிது. உட்கணனிகளின் எல்லையை 1,450 ஆகக் குறைக்கலாம். அன்றி, அடிவலையமைப்பின் எல்லையை 1,550 க்கு மேல் உயர்த்தலாம். கருவிகள் இடந்தரின் 9,000 வரை உயர்த்துவது நன்று. ஆயின் வழியிலுள்ள ஒவ்வொரு சுவிச்சிலும் உயர்த்தல் வேண்டும். ஒன்று விடுபடினும் பயனில்லை. துண்டாடுதலைத் தடுத்துப் ‘பிங்’ அனுப்பிப் பார்ப்பின் உண்மை வெளிப்படும்: 1,422 பைற்றுச் சுமை சென்று 1,423 நின்றுவிடின், 28 பைற்றுத் தலைப்பையுங் கூட்டி, எல்லை 1,450 என அறியலாம். நம் மாணவர் விடுபட்ட ஒரு சுவிச்சை இவ்வாறே கண்டுபிடித்தார்.

பொதிகள் சென்ற பின்னரும் வேகம் குன்றுவதுண்டு. அதற்கு 50 பைற்றைப் பழித்தல் தகாது. பெரிய பொதியில் அது நூற்றுக்கு மூன்றளவே. பெருஞ்செலவு கணிக்கும் உழைப்பில் உளது. விநாடிக்கு 10 கிகாபிற்று வழியில் முழுப் பொதிகள் ஏறக்குறைய 8 இலட்சம் செல்லும். சாதாரணமாக மையச் செயலி 64 கிலோபைற்று வரையான பெருந்துண்டொன்றை வலையட்டையிடம் ஒப்படைக்க, அட்டையே அதனைப் பொதிகளாக நறுக்கும். பழைய அட்டைகள் புறவுறையைக் கண்டு மயங்கி இவ்வேலையைக் கைவிட்டன. நறுக்கும் சுமை மையச் செயலியின் தலையில் விழுந்தது. வீஎக்ஸ்லானை அறிந்து உட்பொதியையும் நறுக்கவல்ல அட்டையை இட்டு, அவ்வசதி இயக்கப்பட்டுள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும். வாங்கிவைத்த அட்டையில் வசதி உறங்கிக் கிடப்பது அரிதன்று.

மற்றொன்றுமுண்டு. இரு முனைகளுக்கிடையே செல்லும் எல்லாப் பொதிகளும் ஒரே புறமுகவரி கொள்வதால், பல வழிகளிருந்தும் ஒரே வழியில் நெருக்குண்ணக்கூடும். உள்ளோட்டத்துக்கேற்ப யூடிபியின் அனுப்புவாயில் எண்ணை மாற்றுமாறு மேற்கூறிய ஆவணம் பரிந்துரைப்பது இதன்பொருட்டே.

சிறு பொதிகளின் நிலை வேறு. 200 பைற்றுப் பேச்சுப் பொதிக்கு 50 பைற்றுத் தலைப்பென்பது காற்பங்கு மேற்சுமை. எல்லையை உயர்த்துவதால் அச்சுமை குறைவதில்லை.