சேர்ந்தவர் பலர், முடித்தவர் சிலர் - ஏன்?

ஐ.ஐ.டி. பேராசிரியரிடம் வீட்டிலிருந்தே பாடம் கேட்கலாம், சேரக் கட்டணமும் இல்லை என்றால் உடனே பெயர் கொடுத்துவிடுவீர்கள் அல்லவா? பெயர் கொடுப்பது எளிது. பிறகு நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மின்சுற்றுகள் பற்றிய தன் கல்லூரிப் பாடத்தை இணையத்தின் வழியே உலகெங்கும் இலவசமாக நடத்திற்று. சேர்ந்தவர்கள் 1,54,763 பேர். சான்றிதழ் பெற்றவர்களோ 7,157 பேர். நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு! மற்றவர் அனைவரும் சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இத்தகைய பாடங்களுக்குச் சும்மா எட்டிப் பார்க்க வருபவர்கள் உண்டு. தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நூலகத்தில் ஓர் அத்தியாயம் மட்டும் படிப்பவரைத் தோற்றவர் என்போமா? ஆனால் முடிக்க விரும்பியும் பாதியில் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

நம் நாட்டில் 'ஸ்வயம்' தளம் 2017-இல் தொடங்கப்பட்டது. அதில் சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் 4, 8 அல்லது 12 வாரங்கள் நடைபெறும். வாரந்தோறும் சில வீடியோ பாடங்கள் வரும். கூடவே ஒரு வினாத்தாளும் அதற்கு ஒரு கெடு நாளும் உண்டு. கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று தேர்வு எழுத வேண்டும். இதற்குக் கட்டணம் உண்டு. பெரும்பாலான பாடங்களில் வாராந்தர வினாத்தாள்களுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் பெற்றால்தான் சான்றிதழ். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 வாரங்களே கணக்கில் கொள்ளப்படும். காய்ச்சலுக்கும் திருவிழாவுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள் போலும்!

மாணவர்கள் பலர் வீடியோவே பாடம், வினாத்தாள் வெறும் சடங்கு என்று எண்ணுகிறார்கள். நண்பரின் விடையைப் பார்த்துக் குறித்துவிடுவதும் நடக்கிறது. உண்மை நேர்மாறானது. ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்கும்போது அது பழகியதாகத் தோன்றும். அந்தப் பழக்கத்தையே அறிவு என்று மனம் ஏமாந்துவிடுகிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஓர் உரைப்பகுதியை மாணவர்கள் படித்த பின், ஒருமுறை அதையே திரும்பப் படித்தனர். இன்னொரு பகுதிக்கு, பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்ததே மேலாக நின்றது. ஒரு வாரம் கழித்தோ, திரும்பப் படித்ததில் 42 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடும் நினைவில் நின்றன.

ஆகவே, வினாத்தாளை முதலில் தனியாகப் போட்டுப் பாருங்கள். வீடியோவையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். 2014-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வீடியோ எவ்வளவு நீளமானாலும் பெரும்பாலோர் ஆறு நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை. ஆறாவது நிமிடத்தில் நீங்களே நிறுத்தி, கேட்டதை ஒரு தாளில் எழுதுங்கள். பேராசிரியரின் ஆங்கிலம் வேகமாகத் தோன்றினால் வீடியோவின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது.