படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?



வியர்வையில் நனைந்த உடையோடு துறைமுகத்திலும் கம்பெனிகளிலும் நாள் முழுக்க உழைப்பவர்களுக்குப் படர்தாமரை எளிதில் பற்றும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பைத் தடவினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்குகிறது. அடக்குவது அதிலுள்ள ஸ்டீராய்டு. அது தோலின் எதிர்ப்புச் சக்தியைத்தான் தணிக்கிறது. பூஞ்சையோ பரவிக்கொண்டே இருக்கும்.

பூஞ்சை பெருகும்போது சிலவற்றின் மரபணுவில் சிறு மாற்றம் நேரும். டெர்பினாஃபின் மருந்து தாக்கும் நொதியே அப்படி மாறிவிட்டால், மருந்து அதைப் பிடிக்காது. மற்றவை மடிய, அவை மட்டும் தங்கிப் பெருகும். வீட்டாருக்கும் அதுவே தொற்றும். இந்தியாவில் பரவியுள்ள இந்த வகைக்கு 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயரிட்டனர்.

ஆகவே, ஸ்டீராய்டு களிம்பை நீங்களாக வாங்காதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள். அரிப்பு நின்றாலும், மருத்துவர் சொன்ன நாள் வரை மருந்தை விடாதீர்கள். வீட்டில் அரிப்புள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் காட்டுங்கள். துண்டு, லுங்கி அவரவருக்குத் தனியாக இருக்கட்டும். ஒளுச் செய்தபின் கால்விரல் இடுக்குகளைத் துடையுங்கள். பெண்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மறைத்த நோய் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்.

அல்லாஹ் அனைவருக்கும் ஷிஃபா தருவானாக, ஆமீன்.