எதிர்வீட்டு வாசலில் பால் பாக்கெட் அப்படியே இருக்கிறதா?

காலை எட்டரை மணி. எதிர் ஃபிளாட் வாசலில் தொங்கும் பையில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

'ஊருக்குப் போயிருப்பாங்க' என்று நினைத்தபடி படி இறங்கிப் போய்விடுவீர்களா... இல்லை, காலிங்பெல்லை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பீர்களா?

சில வருடங்களுக்கு முன்புவரை எங்கள் குடியிருப்பில் எல்லோருமே முதல் ரகம்தான். இரண்டாவது மாடியில் ஒரு மாமி. எழுபதைத் தாண்டியவர். பிள்ளை வெளிநாட்டில், இவர் மட்டும் தனியாக இருந்தார். ஒருநாள் விடியற்காலையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து நகரக்கூட முடியவில்லை. குரல் கொடுத்துப் பார்த்திருக்கிறார். யார் காதிலும் விழவில்லை.

அன்று காலை அந்த வாசலைத் தாண்டிப் போனவர்கள் பத்துப் பேராவது இருப்போம். பால் பை எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கிறது. பதினொரு மணிக்கு வேலை செய்ய வந்த அம்மா மணி அடித்து, பதில் வராமல் பயந்துபோய் வாட்ச்மேனைக் கூப்பிட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது.

மாமி பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவர் கோபப்படவில்லை. "பாலைப் பார்த்து யாராவது கதவைத் தட்டுவீங்கன்னு நெனச்சுண்டே கெடந்தேன்" என்றார். அவ்வளவுதான். எங்களால் தலை நிமிர முடியவில்லை.

அதுவரை எங்கள் சங்கத்துக்கு இரண்டே வேலைகள்: மெயின்டெனன்ஸ் வசூலிப்பது, மோட்டார் ரிப்பேர் செய்வது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், 'சங்கம் என்பது கட்டடத்துக்கா, அதில் வாழும் மனுஷங்களுக்கா?' என்ற கேள்வி வந்தது.

விழுவதைவிட ஆபத்து

வயதானவர்கள் விழுவதே ஆபத்துதான். விழுந்த இடத்திலேயே மணிக்கணக்கில் கிடப்பது அதைவிட ஆபத்து. உடம்பில் நீர்ச்சத்து குறையும். தரையில் அழுந்திய இடத்தில் புண் உண்டாகலாம். அழுத்தத்தில் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவுகள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தாலே சிக்கல்கள் அதிகமாகும் என்கிறார்கள் டாக்டர்கள். ஆக, இங்கே உயிரைக் காப்பாற்றும் முதல் 'சிகிச்சை', பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கும் காலிங்பெல்தான்!

உறவும் ஒரு மருந்து

இதை வெறும் உபதேசம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஜூலியான் ஹோல்ட் லன்ஸ்டாடும் அவரது குழுவினரும் 148 ஆய்வுகளைத் தொகுத்து அலசி, 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தம் மூன்று லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய தகவல்கள் அவை. சுற்றியிருப்பவர்களோடு நல்ல உறவு உள்ளவர்களுக்கு, அப்படி இல்லாதவர்களைவிட உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு சுமார் 50 சதவிகிதம் அதிகம் என்று தெரிந்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-ல் அறிக்கை கொடுத்தது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1995 ஜூலையில் கடுமையான வெப்ப அலை வீசியது. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 700 பேருக்கு மேல் அதிகமாக இறந்தார்கள். பலர் தனியாக வசித்த முதியவர்கள். இதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகள். இரண்டிலும் ஏழைகள் உண்டு, தனியாக வாழும் முதியவர்கள் உண்டு, வெயிலும் ஒன்றுதான். ஆனாலும், கடைகளும் ஜனநடமாட்டமும் பேச்சுத்துணையுமாக இருந்த பகுதியில் சாவு மிகக் குறைவு. ஆளரவமற்றுப் போயிருந்த பகுதியில் மிக அதிகம். அந்தத் தெருக்களில் வயதானவர்கள் வெளியே வரவே பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரன்ட் இல்லை, போன் இல்லை. சென்னையில் எத்தனையோ அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அன்றைக்குத்தான் மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் ஒரே பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். தண்ணீர் வடிந்ததும் பலர் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பதுதான் வருத்தம்.

கொசுவுக்கு வீட்டு நம்பர் தெரியாது

சில வியாதிகளைத் தனி ஆளாகத் தடுக்கவே முடியாது. டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத டாங்க் எதுவும் போதும். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாட்கள். உங்கள் வீட்டை நீங்கள் பளிச்சென்று வைத்திருக்கலாம். மாடிவீட்டு பால்கனியில் தண்ணீர் தேங்கினால் கடிபடுவது உங்கள் குழந்தைதான்! வாரம் ஒருநாள் எல்லா வீட்டிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொசுவின் கணக்கே தப்பிவிடும். ஆனால், 'எல்லா வீட்டிலும்' என்றால், சொல்வதற்கு ஒரு சங்கம் வேண்டும்.

சென்னைக்கு இது புதிதல்ல. 1989-ல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பின் வழியில், தெருக்காரர்கள் ஒன்று சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை போட்டார்கள். மூன்று சக்கர வண்டியோடு ஓர் ஆளை அமர்த்தி வீடு வீடாகக் குப்பையை வாங்க வைத்தார்கள். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? குப்பைக்காரர் அல்ல, 'தெருவை அழகாக்குபவர்'! குப்பைக்காகச் சேர்ந்தவர்கள் பிறகு மரம் நட்டார்கள், மழைநீர் சேகரித்தார்கள். சின்ன வேலையில் சேர்ந்த கைகள் பெரிய வேலைக்கும் வரும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

"மீட்டிங்னாலே சண்டைதானே சார்?"

நியாயமான கேள்வி. பார்க்கிங், தண்ணீர், நாய், மாடியில் துணி உலர்த்துவது... சண்டைக்கா பஞ்சம்? எங்கள் அனுபவத்தில் மூன்று விஷயங்கள் உதவின.

முதலாவது, கணக்கு. மாதா மாதம் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். சந்தேகம் போனால் பாதிச் சண்டை போய்விடும். சங்கத்தைப் பதிவு செய்துகொள்வதும் நல்லது. தமிழ்நாட்டில் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம்.

இரண்டாவது, வாடகைக்கு இருப்பவர்கள். "அவங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க" என்று ஒதுக்கியிருந்தோம். ஓட்டு வீட்டுச் சொந்தக்காரருக்கு இருக்கட்டும். பொங்கல் கோலத்துக்கும் குழந்தைகள் விளையாட்டுக்கும் வாடகைக்காரரைக் கூப்பிடுவதில் என்ன நஷ்டம்? வாட்ச்மேனும் வேலைக்கு வரும் பெண்களும் அப்படித்தான். மாமியைக் காப்பாற்றியது சங்கத்தின் செக்ரட்டரியா என்ன?

மூன்றாவது, மீட்டிங்குக்கு முன்பு ஒன்றாகச் சாப்பிடுவது! மொட்டைமாடியில் ஆளுக்கொரு பாத்திரத்தில் புளியோதரை, தயிர்சாதம், சுண்டல். கையில் தட்டை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டுவது கொஞ்சம் கஷ்டம்.

இதெல்லாம் செய்தும் எல்லோரும் ஒத்துழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "என் வீட்டு விஷயம் உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டவரும் உண்டு. அவரை வற்புறுத்தக் கூடாது. அக்கறை வேறு, மூக்கை நுழைப்பது வேறு. மணி அடிக்கலாம், உள்ளே என்ன குழம்பு என்று கேட்கக் கூடாது!

உங்கள் சங்கம் இன்றே செய்யக்கூடியவை

1. பால் பை விதி: காலை எட்டு மணிக்கு மேல் பாலோ பேப்பரோ எடுக்கப்படாமல் இருந்தால், எதிர்வீட்டுக்காரர் மணி அடிக்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

2. தனியாக இருப்பவர்கள் விரும்பினால், மாற்றுச் சாவியை நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்து வைக்கலாம்.

3. பிள்ளைகளின் போன் நம்பர், ரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், பார்க்கும் டாக்டர் பெயர்... இவற்றை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

4. விழுந்தவருக்கு இடுப்பில் கடும் வலி இருந்தால் தூக்கி நிறுத்தாதீர்கள். போர்த்திவிட்டு, பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம்.

5. வருடம் ஒருமுறை டாக்டரை அழைத்து முதலுதவிப் பயிற்சி கொடுங்கள். இதயம் நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இதைப் படித்தால் வராது, செய்து பழகினால்தான் வரும்.

6. வாரம் ஒருநாள், பத்து நிமிஷம், தேங்கிய தண்ணீரைத் தேடும் வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படையுங்கள். பெரியவர்களைவிடப் பொறுப்பாகச் செய்வார்கள்.

மாமி இப்போது கைத்தடியோடு நடக்கிறார். எங்கள் பால் பை விதிக்குக் காவலும் அவர்தான். போன மாதம் நான் அசந்து தூங்கிவிட்டேன். எட்டேகால் மணிக்கு வாசலில் தடி தட்டும் சத்தம்.

"பாலை எடுக்கலையே, என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லைதான். ஆனாலும், கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய தைரியம்! சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பும்போது எதிர்வீட்டு மணியை அடித்துப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாளைக் காலை அந்த வாசலைப் பார்க்க உங்களுக்கு ஒரு காரணம் இருக்கும்.