திறப்பு வெளியே இருந்த மாளிகை

அரபுப் பாடத்தில் 'ஃபுந்துக்' என்ற சொல் வந்தால், 'ஹோட்டல்' என்று பொருள் கூறிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவது என் வழக்கம். அந்தச் சிறு சொல்லுக்குள் எத்தனை துறைமுகங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை இத்தாலியின் வெனிஸ் நகரில்தான் உணர்ந்தேன். அங்கு தொழில் பார்க்கும் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பில் சென்றிருந்தபோது, அவர் என்னை அழைத்துச் சென்று காட்டிய கட்டடத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது.

வாசக நேயர்களே, கிரேக்க மொழியில் சத்திரத்தைக் குறித்த ஒரு சொல்லே அரபியில் 'ஃபுந்துக்' ஆனது. அக்காலத்து ஃபுந்துக் வெறும் தங்குமிடமன்று. கீழே பண்டகசாலை, மேலே வியாபாரிகளின் அறைகள், நடுவே முற்றம் என்று அமைந்த கட்டடம் அது. அலெக்சாந்திரியாவில் வியாபாரம் செய்த வெனிஸ்காரர்கள் சரக்குகளோடு இந்தச் சொல்லையும் தம் ஊருக்கு எடுத்துச் சென்று 'ஃபொந்தகோ' ஆக்கிக் கொண்டனர். நான் பார்த்தது 'ஃபொந்தகோ தெய் துர்க்கி', அதாவது துருக்கியரின் வணிக மாளிகை.

நீங்கள் வெனிஸ் செல்ல நேர்ந்தால், ரயில் நிலையத்தின் வாசலிலேயே படகேறுங்கள். அந்நகரின் பெருவீதியே ஒரு கால்வாய்தான். சற்றுத் தூரம் சென்றதும் வலக்கரையில், வெண்ணிறக் கல்லில் வரிசை வரிசையாக வளைவுகள் கொண்ட நீண்ட மாளிகை தென்படும். 13ஆம் நூற்றாண்டில் ஒரு செல்வந்தர் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டது அது. 1381இல் வெனிஸ் குடியரசு அதனை வாங்கி, ஃபெராரா நகரின் பிரபுவுக்குக் கொடுத்தது. 1621இல்தான் அது உஸ்மானிய வியாபாரிகளின் இருப்பிடமாயிற்று.

அதற்கும் ஒரு வரலாறுண்டு. 1570இல் சைப்ரஸ் தீவுக்காக உஸ்மானியருக்கும் வெனிஸுக்கும் போர் மூண்டபோது, வெனிஸிலிருந்த முஸ்லிம் வியாபாரிகள் பிடித்து வைக்கப்பட்டனர். உஸ்மானிய நாட்டிலிருந்த வெனிஸ்காரர்களுக்கும் அதே கதிதான். 1573இல் சமாதானம் ஏற்பட்டதும் இரு தரப்பாருக்கும் மீண்டும் வியாபாரம் தேவைப்பட்டது. ஆனால் வந்தவர்கள் எங்கே தங்குவது? அந்தக் கேள்விக்கு நிலையான விடை கிடைக்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் சென்றன.

இம்மாளிகையில் தங்கியவர்கள் துருக்கியர் மட்டுமல்லர். பொஸ்னியா, அல்பேனியா நாட்டவர்களுக்கு ஒரு பகுதியும், இஸ்தான்பூல், அனத்தோலியா பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு வேறொரு பகுதியும் ஒதுக்கப்பட்டிருந்தன. மெழுகும் கம்பளியும் தோலும் வந்து இறங்கின. தொழுவதற்கு ஓரிடமும் குளிப்பதற்கு ஒரு ஹம்மாமும் இருந்தன.

சட்டங்களோ கடுமையானவை. வாயிலில் காவலாளி. உள்ளே வருவோர் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும். பெண்கள் நுழையக் கூடாது. வெளியே பார்க்கும் ஜன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன. அரசு நியமித்த தரகரில்லாமல் கொடுக்கல் வாங்கல் இல்லை. இரவானால் வெளியிலிருந்து கதவு பூட்டப்படும்.

இதை வாசிக்கும்போது உங்கள் மனம் கசக்கக்கூடும். எனக்கும் கசந்தது. ஆனால் நீதியாகப் பேசுவதாயின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் அலெக்சாந்திரியாவில் தங்கிய வெனிஸ்காரர்களின் ஃபுந்துக்கும் இரவில் வெளியிலிருந்துதான் பூட்டப்பட்டது. ஜும்ஆத் தொழுகை வேளையிலும் அவர்கள் உள்ளேதான் இருக்க வேண்டும். ஆக, நம்மவர் கையில் திறப்பு இருந்தபோது நாமும் பூட்டினோம். இரு சாராரும் ஒருவரையொருவர் அஞ்சினர். ஆனாலும் ஒருவர் சரக்கை மற்றவர் வாங்கினர். அந்த வழியில் சென்ற சரக்குகளுள் நமது நாட்டுக் கறுவாவும் ஒன்று. போர்த்துக்கேயர் 1505இல் இங்கு வரும் முன்னர், அது முஸ்லிம் வியாபாரிகளின் கைமாறி எகிப்தை அடைந்து, அங்கிருந்து வெனிஸுக்குச் சென்றது.

1797இல் வெனிஸ் குடியரசு நெப்போலியனிடம் வீழ்ந்தது. அதன் பிறகும் துருக்கி வியாபாரிகள் 1838 வரை அங்கிருந்தனர். பின்னர் மாளிகை பாழடைந்தது. நகரசபை அதனை வாங்கி 1860களில் திருத்த வேலையை ஆரம்பித்தது. பொறுப்பேற்ற பெர்ஷே என்பவர் பழைய கற்களைக் களைந்து புதியவற்றைப் பதித்தார். இரு முனைகளிலும் கோபுரங்களை எழுப்பினார். 'இது திருத்தமல்ல, புதுக் கட்டடம்' என்று அறிஞர்கள் குறை கூறினர். பின்னர் அது நகர நூதனசாலையாயிற்று. 1830இல் மறைந்த தெயொதோரோ கொர்ரேர் என்பவர் தம் ஊருக்கு எழுதி வைத்த அரும்பொருட்கள் அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டன. அவை வேறிடம் சென்றபின், 1923 முதல் அது நகரின் இயற்கை வரலாற்று நூதனசாலை.

இன்று உள்ளே ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. நைஜர் நாட்டுப் பாலைவனத்திலிருந்து 1970களில் தோண்டி எடுக்கப்பட்ட டைனோசரின் எலும்புக்கூடும் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். ஆனால் என் கண்கள் வேறொன்றைத் தேடின. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் சுஜூது செய்த அறை எது? அது என் கண்ணுக்கு அகப்படவில்லை.

வெனிஸ்காரர்களைக் குறை சொல்ல வாயெடுத்தேன், சொற்கள் வரவில்லை. எங்கள் ஊரின் பழைய பள்ளிவாசலை உடைத்துப் புதிதாகக் கட்டுவதென்று தீர்மானித்த கூட்டத்தில், 'ஆம்' என்று கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். மரத்தூண்கள் விறகாகப் போயின. வாசல் நிலையின் மேலே அரபுத் தமிழில் ஏதோ செதுக்கப்பட்டிருந்தது. அது என்னவென்று நான் ஒருநாளும் நின்று வாசித்ததில்லை. அரபு படித்த மௌலவி நான்! இன்று அந்த மரம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. புதிய பள்ளிவாசல் விசாலமானது, வசதியானது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த வரியை வாசித்து வைத்திருக்கலாமே.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய பண்டகசாலையோ, தைக்காவோ, மூத்தவர்கள் மட்டுமே பெயரறிந்த ஒரு கடையோ இருக்கும். உடைப்பதற்கு முன் ஒரு படம் பிடித்து வையுங்கள். சுவரில் எழுத்திருந்தால் பிரதி செய்யுங்கள். வாப்பாவிடமும் மூத்தம்மாவிடமும் கேட்டு, ஒரு கொப்பியில் பெயர்களை எழுதி வையுங்கள். இந்த விடுமுறையிலேயே பிள்ளைகளை அதற்கு அனுப்பலாம். நான் என் மாணவர்களை அனுப்பத் தொடங்கிவிட்டேன்.