பள்ளிக்கூடத்தில் படி, காலேஜில் வரவு வை!

'கிரெடிட்' என்ற வார்த்தையைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மாசாமாசம் மிரட்டும் கார்டு பில்லா? பெட்டிக்கடையில் தொங்கும் 'இன்று ரொக்கம், நாளை கடன்' அட்டையா? பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு, 'வாங்குபவர் கணக்கில் டெபிட், கொடுப்பவர் கணக்கில் கிரெடிட்' என்று வாத்தியார் நெட்டுருப் போட வைத்த சூத்திரம்தான் இன்னமும் வந்து நிற்கிறது. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

அமெரிக்காவில் பதினாறு, பதினேழு வயசுப் பசங்களுக்கு இந்த வார்த்தை வேறு மாதிரி. மீசை சரியாக முளைக்காத வயசில், இன்னும் சேராத காலேஜில் கணக்கு ஆரம்பித்து வரவு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

விஷயம் இதுதான். அங்கே ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை ஹைஸ்கூல். வழக்கமான பாடங்கள் தவிர, காலேஜ் முதல் வருஷத் தரத்தில் சில பாடங்களையும் பள்ளியிலேயே நடத்துகிறார்கள். பெயர் அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட். சுருக்கமாக ஏ.பி. கால்குலஸ், பிஸிக்ஸ், பொருளாதாரம், சரித்திரம், கம்ப்யூட்டர், ஓவியம் என்று சுமார் 40 பாடங்கள். மே மாதம் நாடு முழுக்கப் பரீட்சை. கால்குலஸ் என்றால் மூன்றே கால் மணி நேரம் பெண்டு நிமிரும். ஜூனில் காலேஜ் பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடி விடைகளைத் திருத்துவார்கள். மார்க் நூறுக்கு இல்லை. 1 முதல் 5 வரைதான். 5 என்றால் பிரமாதம். 3 என்றால் தேறினார். 1 என்றால்... வேண்டாம், விடுங்கள். அவங்க வீட்லயும் அப்பா உண்டு.

நல்ல மார்க்கோடு காலேஜுக்குப் போய் நின்றால், "இதை நீ ஏற்கெனவே முடிச்சுட்டே தம்பி" என்று அந்தப் பாடத்துக்கு மூன்றோ நாலோ கிரெடிட் எழுதிக்கொள்வார்கள். பட்டம் வாங்க வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். ஆக, முதல் நாள் காலேஜ் வாசலை மிதிக்கும்போதே சிலர் பாஸ்புக்கில் முப்பது இருக்கும்.

நம்ம ஊரில் ஒரு காலத்தில் காலேஜில் இருந்த பி.யு.சி., 1978-ல் ப்ளஸ் டூவாகிப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? (இல்லையென்றால் அப்பாவைக் கேளுங்கள்.) அது ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துச் செய்தது. இங்கே அவனவன் தன் சாமர்த்தியத்துக்கு ஏற்பத் தனித்தனியாக இறக்கிக்கொள்கிறான்.

டல்லாஸில் என் பெரியப்பா பையன் இருக்கிறார். போன வருஷம் போனில் புலம்பினார். "டேய் தம்பி, நீதான் காமர்ஸ்காரனாச்சே, கணக்குப் போட்டுச் சொல்லு. இவ நாலு பரீட்சை எழுதறாளாம். ஒண்ணொண்ணுக்கும் கிட்டத்தட்ட நூறு டாலர். லாபமா, நஷ்டமா?"

போட்டேன். ஒரு கிரெடிட்டுக்கு 400 டாலர் ஃபீஸ் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று கிரெடிட் பாடம் 1,200 டாலர். நூறு போட்டு 1,200 எடுப்பதென்றால் எந்த சீட்டுக் கம்பெனியும் தராத லாபம். "ஆனா அண்ணே, அவசரப்பட்டு ஸ்வீட் வாங்காதீங்க" என்றேன். பல பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவனுக்கு ஃபீஸ் பாடக் கணக்கில் இல்லை. செமஸ்டருக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்குவார்கள். நம்ம ஊர் ஃபுல் மீல்ஸ் மாதிரி. ரசம் வேண்டாம் என்றால் பில்லில் குறையுமா? ஒரு பாடத்தைத் தாண்டினால் காலைத் தூக்கம்தான் லாபம். ஒரு செமஸ்டரையே குறைக்கும் அளவுக்குச் சேர்த்தால்தான் காசு மிச்சம். அப்படிச் சேர்த்தவனுக்கு டபுள் லாபம். ஃபீஸும் மிச்சம், அரை வருஷம் முன்னாலேயே சம்பளமும் ஆரம்பம்.

அண்ணன் பெண் நாலிலும் நன்றாகத்தான் எழுதினாள். இரண்டில் 5, இரண்டில் 4. ஆனால் அவள் ஆசைப்பட்டுச் சேர்ந்த தனியார் காலேஜில், "5 என்றால் பார்க்கலாம், 4 செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். "சித்தப்பா, அதே பரீட்சை, அதே மார்க். வேற காலேஜா இருந்தா நாலுக்கும் கிரெடிட் கிடைச்சிருக்கும். இது என்ன நியாயம்?" என்றாள்.

நியாயமான கேள்வி. பரீட்சை நடத்துகிறவர் ஒருவர், வரவு வைக்கிறவர் இன்னொருவர் என்பதுதான் இதில் சூட்சுமம். நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. அதை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் காலேஜின் இஷ்டம். ஃப்ளோரிடா, இல்லினாய் மாதிரி சில மாநிலங்கள், 'அரசுக் கல்லூரியா? 3 வாங்கியவனுக்குக் கிரெடிட் கொடு' என்று சட்டமே போட்டுவிட்டன. எம்.ஐ.டி.யில் கால்குலஸ் பி.சி. பரீட்சையில் 5 வாங்கினால்தான் மரியாதை. டார்ட்மவுத் கல்லூரி 2013-ல் கதவையே சாத்தியது. 2018-ல் பட்டம் பெறும் வகுப்பிலிருந்து ஏ.பி. மார்க்குக்குப் பட்டத்தில் கிரெடிட் கிடையாது என்று அறிவித்துவிட்டது. பள்ளியில் படித்தது காலேஜ் படிப்புக்குச் சமம் என்று நம்ப அவர்கள் தயாராக இல்லை.

ஆகக் கடைசியில் எல்லாம் நம்பிக்கையில் வந்து நிற்கிறது. பெட்டிக்கடைக்காரர் கடன் கொடுப்பதும் அதே கணக்குதான். தெரிந்த முகம் என்றால் நோட்டில் எழுதிக்கொள்வார். புது ஆள் என்றால் அட்டையைக் காட்டுவார்.

இந்தத் திட்டம் ஆரம்பித்ததே தெரிந்த முகங்களுக்காகத்தான். 1950-களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்ற மூன்று வசதியான தனியார் பள்ளிகளும், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் ஃபோர்டு பவுண்டேஷன் பணத்தில் உட்கார்ந்து யோசித்தன. பிரச்னை என்ன தெரியுமா? நல்ல பள்ளியில் படித்த பையன்கள் காலேஜில் முதல் வருஷம் படித்ததையே படித்துக் கொட்டாவி விடுகிறார்கள்! என்ன கஷ்டம் பாருங்கள். அந்தக் கொட்டாவிக்கு மருந்தாக வந்த ஏ.பி.யை 1955-ல் காலேஜ் போர்டு ஏற்றுக்கொண்டது.

தெரியாத முகங்கள் வந்து நின்றால் என்ன ஆகும்? அதற்கு 1982-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பதில் கிடைத்தது.

ஜெய்மி எஸ்கலாண்டே பொலிவியாக்காரர். 1930-ல் லாபாஸில் பிறந்தவர். அங்கே நல்ல வாத்தியார் என்று பெயர் வாங்கியிருந்தார். 1960-களில் அமெரிக்கா வந்தபோது இங்கிலீஷ் தெரியாது, அவர் டிகிரியும் அங்கே செல்லாது. காபி ஷாப்பில் தரை துடைத்தார். இரவில் படித்தார். பரோஸ் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலைக்கு வந்தார். நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? பி.எஃப். கணக்கைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்போம். மனுஷன் அந்த வேலையை விட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு 1974-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் கார்ஃபீல்டு ஹைஸ்கூலில் வாத்தியாராகச் சேர்ந்தார். மெக்ஸிகோவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி. கால்குலஸ் இருக்கட்டும், பின்னத்திலேயே தகராறு.

1979-ல் கால்குலஸ் பரீட்சைக்கு அவர் அனுப்பியது ஐந்தே பேர். தேறியது இரண்டு. விடவில்லை. பள்ளிக்கு முன்னால், பின்னால், சனிக்கிழமை, கோடை லீவு என்று நம்ம ஊர் ட்யூஷன் வாத்தியார்கள் தோற்றுப்போகும் அளவுக்கு நடத்தினார். நம்மவர்கள் மாதிரி மாசம் பிறந்தால் கவர் வாங்கவில்லை, அதுதான் வித்தியாசம். 1982-ல் 18 பேர் எழுதினார்கள். 18 பேரும் பாஸ்!

அங்கேதான் வந்தது வினை. பரீட்சையை நடத்திக்கொடுத்த ஈ.டி.எஸ். நிறுவனம் 14 பேர் மேல் சந்தேகப்பட்டது. விடைத்தாள்களில் ஒரே மாதிரித் தப்பு! சரியான விடை ஒன்றாக இருக்கலாம். தப்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறவேண்டும் என்பது அவர்கள் சித்தாந்தம். 'ஒரே வாத்தியார் ஒரே முறையில் சொல்லிக்கொடுத்தால் தப்பும் ஒரே முறையில்தானே வரும்' என்று இந்தப் பக்கம் வாதம். 'வசதியான வெள்ளைக்காரப் பள்ளியாக இருந்தால் இப்படிக் கேட்டிருப்பீர்களா?' என்றும் கேள்வி எழுந்தது. முதல் பரீட்சையில் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று அப்புறமும் பல வருஷம் வாக்குவாதம் ஓடியது.

ஆனால் ஆகஸ்டில் நடந்ததைப் பற்றி வாக்குவாதம் இல்லை. மார்க்கைக் காப்பாற்ற ஒரே வழி, திரும்ப எழுதுவது. பரீட்சை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. லீவு. கால்குலஸ் பாதி ஆவியாகியிருக்கும். 14 பேரில் இரண்டு பேர் எழுதவில்லை. மீதி 12 பேரும் புதுக் கேள்வித்தாளோடு, சந்தேகத்தோடு பார்க்கும் கண்களுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். 12 பேரும் பாஸ்.

எனக்கு இதில் ஒன்று உறுத்துகிறது. கொட்டாவி விட்ட பையன்கள் ஒருதரம் எழுதினால் போதும், இவர்கள் இரண்டுதரம் எழுதவேண்டும்!

1987-ல் அதே பள்ளியில் 73 பேர் கால்குலஸ் ஏ.பி.யில் பாஸ் செய்தார்கள். அதைவிடக் கடினமான பி.சி.யில் 12 பேர். (திட்டமும் ஏ.பி., அதற்குள் ஒரு கால்குலஸ் பரீட்சையும் ஏ.பி. இங்கிலீஷில் எழுத்து வேறு. தமிழில் எழுதுகிறவன் பாடு திண்டாட்டம்.) 1988-ல் 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' என்று படமே வந்துவிட்டது. எஸ்கலாண்டேயாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் ஆஸ்கருக்கு நாமினேட் ஆனார். நல்ல படம்தான். ஆனால் சினிமாவுக்கே உரிய அவசரம். பின்னம் தெரியாத பசங்கள் மளமளவென்று கால்குலஸ் மேதையாகிவிடுகிறார்கள். நிஜத்தில் அவர் சேர்ந்ததிலிருந்து அந்த 18 பேர் வருவதற்கு எட்டு வருஷம் பிடித்தது. அல்ஜீப்ரா, டிரிக்னாமெட்ரி என்று கீழ் வகுப்புகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தார். அதைப் படம் எடுத்தால் இன்டர்வெல்லுக்கு முன்னாலேயே தியேட்டர் காலி.

புகழ் வந்ததும் புகைச்சலும் வந்தது. வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல் உட்கார வைக்கிறார், விதிமுறைக்கு விரோதம் என்று ஆசிரியர் சங்கத்தோடு தகராறு. கணிதத் துறைத் தலைவர் பதவி போனது. 1991-ல் சாக்ரமென்டோவில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். கார்ஃபீல்டில் கால்குலஸ் பாஸ் எண்ணிக்கை சரிய ஆரம்பித்தது. 2010-ல் எஸ்கலாண்டே காலமானார்.

2016-ல் அமெரிக்கத் தபால் துறை அவருக்கு ஸ்டாம்ப் போட்டது. தலையில் அவருடைய வழக்கமான தட்டைத் தொப்பி, பின்னால் கரும்பலகை, அதில் சாக்பீஸில் கால்குலஸ். ஸ்டாம்பில் விலை போடவில்லை. 'ஃபாரெவர்' ரகம். தபால் கட்டணம் எவ்வளவு ஏறினாலும் செல்லும்.