சீனித்துளசி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

‘சீனியை விட்டாச்சு, இப்ப கருப்பட்டிக் காப்பிதான்’ என்று பெருமையாகச் சொல்லும் சர்க்கரை நோயாளிகளை அடிக்கடி பார்க்கிறேன். பலர் மாத்திரையையும் தாமாகவே பாதியாக்கியிருப்பார்கள். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சீனியும் அதேதான். பனையில் வந்ததால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருந்துவிடாது. மாத்திரையைக் குறைப்பது மருத்துவர் வேலை.

சீனித்துளசி வேறு ரகம். இதன் இலையிலுள்ள ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள் சீனியைவிட 200 மடங்குக்கு மேல் இனிப்பவை. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. சுத்திகரித்த இந்தப் பொருளுக்கு நம் நாட்டில் 2015இல் அனுமதி கிடைத்தது. ஆனால் எடை குறைக்க இதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் பாக்கெட்டில். முன்பக்கம் பச்சை இலைப் படம். பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் முதலில் டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின். எடையில் அதிகமானதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. டெக்ஸ்ட்ரோஸ் என்றால் குளுக்கோஸ். மால்டோடெக்ஸ்ட்ரினும் சர்க்கரையை ஏற்றும். பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

அதிமதுரத்தில் இன்னொரு ஆபத்து. இருமலுக்குச் சில நாள் எடுப்பது வேறு, இனிப்புக்காகத் தினமும் டீயில் போடுவது வேறு. அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் உள்ளவர்கள், நீர் மாத்திரையோ இதயத்துக்கு டிஜாக்சினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அதிமதுரம் என்ற பெயரில் குன்றிமணி வேரைத் தள்ளிவிடும் பழக்கமும் உண்டு. தெருவில் கூறுகட்டி விற்பதை வாங்காதீர்கள்.

கலப்படம் என்று சந்தேகம் வந்தால் நம் ஆட்கள் செய்வது என்ன? டம்ளர் தண்ணீரில் கரைத்து வீடியோ எடுக்கிறார்கள். கருப்பட்டியில் சீனி கலந்திருந்தால் அது டம்ளரில் தெரியாது, இரண்டும் சுக்ரோஸ்.

பரிசோதனை உரிமை வாங்குபவருக்கே உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40. கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் யாரும் கொடுக்கலாம். கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டையில் அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. ஒரு நிபந்தனை உண்டு. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பகுப்பாய்வுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். வீட்டில் பாதி தின்றுவிட்டு மீதியைக் கொண்டுபோனால் பிரிவு 40 துணைக்கு வராது. எனவே புதிதாக, பில்லோடு, பிரிக்காத பாக்கெட் வாங்குங்கள். சொன்ன விஷயத்தைத் தாளில் எழுதி, உடன் வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பகுப்பாய்வாளரே அறிக்கையை உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு அனுப்ப வேண்டும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதலாம். 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் அனுப்பலாம். கடை முகவரி, 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, பில், லேபிளின் இரு பக்கப் படம் எல்லாம் வேண்டும். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற ஒற்றை வரியோடு கோப்பை மூடுவது அலுவலகங்களின் வழக்கம். மாதிரி எடுத்தீர்களா, அறிக்கை என்ன என்று பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். குற்றம் நடந்து ஓராண்டுக்குள் வழக்கு நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும், சிறப்பு அனுமதி இருந்தால்தான் மூன்றாண்டு வரை நீளும். ஆகவே ஆறப்போடாதீர்கள்.

‘சர்க்கரை நோயை அடியோடு குணப்படுத்தும்’ என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்து, மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். பாக்கெட்டில் சித்த மருந்து உரிம எண் இருந்தால், சென்னை அரும்பாக்கத்திலுள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறைக்குப் புகார் போக வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்தால் ‘எங்களுடையது இல்லை’ என்று திருப்பிவிடுவார்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு இணையுங்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தியிருந்தால் புகாருக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

பணமும் இழப்பீடும் கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டாண்டுக்குள் மனு போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.